மேகத்துத் துளி வலிக்காது. பத்தாவது மாடி போல்ட் கொல்லும்!

மும்பையில் ஜூன் மாதத்து மழை பிடித்துக்கொண்டால் குடை ஒன்றுக்கும் உதவாது. தாதர் பாலத்தில் நடந்து போகிறவர் தலையில் ஆயிரக்கணக்கான துளிகள் விழுகின்றன. ஒவ்வொரு துளியும் 1 கிலோ மீட்டர், 2 கிலோ மீட்டர் உயரத்தில் இருந்து வருவது. ஆனால் யாருக்கும் மண்டை உடைவதில்லை. துண்டால் துடைத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள்.

அதே மனிதர் ஒரு புதுக் கட்டிடத்தின் ஓரமாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது மாடிச் சாரத்தில் வேலை செய்பவர் கையில் இருந்து ஒரு போல்ட் நழுவுகிறது. உயரம் 100 அடிதான். மேகத்தின் உயரத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு உயரமே இல்லை. ஆனால் அந்த போல்ட் வெறுந்தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டையும் இழுப்பது ஒரே பூமி. இரண்டும் விழுவது ஒரே காற்றில். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். சித்தாள், கொத்தனார், கம்பி கட்டுபவர், பெயிண்டர் என்று கட்டிட வேலையை நம்பி ஊரைவிட்டு வந்த தமிழர்கள் மும்பையிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் ஏராளம். அந்தக் கட்டிடங்களின் நிழலில் தினமும் ஆபீசுக்கு நடக்கிற குமாஸ்தாக்களும் உண்டு. இந்தக் கணக்கு அவர்கள் தலைக்கு மேலே தொங்குகிற கணக்கு.

ஒரு ரூபாய் சோதனை

கனமான பொருள் சீக்கிரம் விழும், லேசான பொருள் மெதுவாக விழும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொன்னதும் அதுதான். சுமார் 2 ஆயிரம் ஆண்டுகள் உலகம் அதை நம்பியது.

அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு ரூபாய் நாணயம் ஒன்றும் காகிதத் துண்டு ஒன்றும் போதும். இரண்டையும் தனித்தனியே ஒரே உயரத்தில் இருந்து விடுங்கள். நாணயம் நேராகத் தரைக்கு வந்துவிடும். காகிதம் ஆடி அசைந்து வரும். அரிஸ்டாட்டில் சொன்னது சரி என்றே தோன்றும்.

இப்போது காகிதத்தை நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய வட்டமாக வெட்டி, நாணயத்தின் தலைமேல் வையுங்கள். பசை எதுவும் தடவக் கூடாது. நாணயம் சாயாதபடி படுக்கை வாட்டில் பிடித்துக் கீழே விடுங்கள். காகிதம் பின்தங்காது. நாணயத்தோடு ஒட்டிப் பிறந்தது போலக் கூடவே வந்து விழும்!

காகிதத்தின் எடை கூடவில்லை. அதன் முன்னே இருந்த காற்றை நாணயம் விலக்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். அது வரை காகிதத்தைத் தாமதப்படுத்திக்கொண்டிருந்தது காற்றுதான்.

கூட்ஸ் வண்டி

கனமான பொருளைப் பூமி அதிக பலத்தோடு இழுக்கிறது என்பது உண்மை. இல்லாவிட்டால் அதற்குக் கனம் என்ற பெயரே வந்திருக்காது. அப்படியானால் அது முந்தி வர வேண்டாமா?

கூட்ஸ் வண்டியை எண்ணிப் பாருங்கள். காலி வேகன்களை இழுக்க ஒரு எஞ்சின் போதும். நிலக்கரி ஏற்றிய வேகன்களை அதே வேகத்துக்குக் கொண்டுவர இரண்டு எஞ்சின், மூன்று எஞ்சின் தேவைப்படும். கனமான வண்டி நின்ற இடத்தை விட்டு அசையாமல் முரண்டு பிடிக்கும். இரண்டு மடங்கு கனத்துக்கு இரண்டு மடங்கு முரண்டு.

விழும் பொருளும் அப்படித்தான். 10 கிலோ கல்லைப் பூமி, 1 கிலோ கல்லைவிடப் 10 மடங்கு பலத்தோடு இழுக்கிறது. ஆனால் அந்தக் கல்லை நகர்த்துவதும் 10 மடங்கு கடினம். இதுவும் அதுவும் சரியாகப் போய்விடுகிறது. காற்று மட்டும் குறுக்கே வராவிட்டால் எல்லாப் பொருளும் ஒரே மாதிரிதான் விழும்.

இதைக் கண்டுபிடித்தவர் என்று இத்தாலியின் கலிலியோவைச் சொல்வார்கள். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின் மேல் ஏறிக் குண்டுகளைப் போட்டார் என்ற கதையும் உண்டு. அந்தக் கதையைச் சொன்னவர் அவருடைய சீடர். கலிலியோ தம் புத்தகங்களில் அப்படி எழுதவில்லை. அவருக்கு முன்பே 1586-ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் சைமன் ஸ்டெவின் என்ற பொறியாளர் இதைச் செய்து பார்த்துப் புத்தகத்தில் எழுதிவிட்டார். இரண்டு ஈயக் குண்டுகள். ஒன்று மற்றதைவிடப் 10 மடங்கு கனம். 30 அடி உயரத்தில் இருந்து இரண்டையும் ஒன்றாக விட்டார். கீழே இருந்த பலகையில் இரண்டும் விழுந்த சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது.

காற்றே இல்லாத இடத்தில் இதைச் செய்து காட்டியவர் அமெரிக்க விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட். 1971 ஆகஸ்டு 2-ந் தேதி, அப்போலோ-15 பயணத்தில், சந்திரனில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் பருந்து இனப் பறவை ஒன்றின் இறகும் பிடித்துக்கொண்டு இரண்டையும் விட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. டெலிவிஷனில் அதை உலகம் பார்த்தது. சந்திரனின் இழுப்பு பூமியில் இருப்பதில் 6-ல் ஒரு பங்குதான். அதனால் இரண்டும் நிதானமாகவே இறங்கின.

காற்று யாருக்கு உதவும்?

பூமியில் காற்று இருக்கிறது. விழும் பொருளுக்கு அது பிரேக். ஆனால் இந்த பிரேக் எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை.

முதலில், வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடும். வேகம் 2 மடங்கானால் எதிர்ப்பு 4 மடங்கு. ஓடும் ரயிலின் வாசலில் நின்று கையை வெளியே நீட்டியவர்களுக்கு இது தெரியும். (நீட்டக் கூடாது என்பது வேறு விஷயம்.) இப்படிக் கூடிக்கொண்டே போகும் எதிர்ப்பு ஒரு கட்டத்தில் பொருளின் எடைக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் ஏறாது. எவ்வளவு உயரத்தில் இருந்து வந்தாலும் அதே வேகம்தான். இதை முற்று வேகம் என்பார்கள்.

மழைத்துளி 2 கிலோ மீட்டர் உயரத்தில் இருந்து காற்றில்லாமல் விழுந்தால் தரைக்கு வரும்போது அதன் வேகம் மணிக்கு 700 கி.மீ. இருக்கும். ஆகாய விமானத்தின் வேகம்! அப்படி விழுந்தால் வாழை இலை மிஞ்சாது. வயலில் பயிர் நிற்காது. ஆனால் நடப்பது என்ன? தூறலில் வரும் சின்னத் துளியின் வேகம் மணிக்கு 7 கி.மீ. சுற்றி, கொஞ்சம் வேகமாக நடக்கிற மனிதனின் வேகம். கொட்டும் மழையின் பெரிய துளிகூட மணிக்கு 32 கி.மீ. அளவோடு நின்றுவிடுகிறது. அதைவிடப் பெரிய துளி காற்றிலேயே உடைந்து சிதறிவிடுகிறது.

ஒரு ரூபாய் நாணயத்துக்கும் இந்தச் சலுகை உண்டு. லோயர் பரேலில் ஸ்ரீனிவாஸ் மில் இருந்த இடத்தில் இப்போது 280 மீட்டர் உயரக் குடியிருப்புக் கோபுரம் நிற்கிறது. 1982-ல் ஆலை வேலைநிறுத்தத்தைப் பார்த்த பழைய தொழிலாளர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அதன் உச்சியில் இருந்து நாணயம் விழுந்தால் ஆள் தலையைத் துளைத்துக்கொண்டு போகும் என்று பலர் பேசிக்கொள்வது உண்டு. அப்படி நடக்காது. தட்டையான நாணயம் காற்றில் புரண்டு புரண்டு, மணிக்கு 40, 50 கி.மீ. வேகத்தோடு நின்றுவிடும். சுளீர் என்று வலிக்கும். உயிர் போகாது. கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகையால் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பொருளின் எடையையும், அது காற்றுக்குக் காட்டும் பரப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடை குறைவு, பரப்பு அதிகம் என்றால் காற்று தாங்கும். எறும்பு மொட்டை மாடியில் இருந்து விழுந்தாலும் எழுந்து நடக்கும். ஆங்கில விஞ்ஞானி ஹால்டேன் 1926-ல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆழமான சுரங்கக் குழியில் சுண்டெலி விழுந்தால் பிழைக்கும், பெருச்சாளி சாகும் என்று காட்டினார். இவர் 1957-ல் இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானவர்.

பாராசூட்டின் ரகசியமும் இதுவே. மனிதனின் எடை மாறவில்லை. பரப்பை மட்டும் துணியால் பெருக்கிக்கொள்கிறார். பாராசூட் விரியாமல் விழும் மனிதரின் வேகம் மணிக்கு 200 கி.மீ. அளவுக்குப் போகும். விரிந்த பிறகு 20 கி.மீ. அளவுதான். 5 அடிச் சுவரில் இருந்து குதிப்பது போல.

இரும்பு இதற்கு நேர் எதிர். கையடக்கமான ஒரு போல்ட்டில் எடை அதிகம், பரப்பு குறைவு. காற்று அதைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் அது பல நூறு அடி விழ வேண்டும். அதற்குள் தரை வந்துவிடுகிறது. கட்டிட உயரங்களில் இரும்புக்குக் காற்று பிரேக் போடுவதில்லை. கொஞ்சம் உராய்ந்து பார்க்கிறது, அவ்வளவே.

ரயிலில் இருந்து தேங்காய்

கட்டிடத்துக்குப் போகும் முன், மும்பைக்காரர்கள் தினமும் பார்க்கும் இன்னொரு காட்சி. மின்ரயில் கழிமுகப் பாலத்தைக் கடக்கும்போது, பூஜை செய்த பூவையும் தேங்காயையும் வாசலில் நின்று தண்ணீரில் போடுகிறார்கள். போடுகிறவர் மனத்தில் பக்தி. தேங்காய் நேராகக் கீழே தண்ணீரில் விழுந்துவிடும் என்ற எண்ணம்.

நேராக விழாது. ரயில் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் போனால், கையில் இருக்கும் தேங்காயும் 70 கி.மீ. வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. கையை விட்டதும் அந்த ஓட்டம் நின்றுவிடாது. பூமி அதைக் கீழே இழுக்கும். ஓட்டமோ அதை முன்னே தள்ளும். இரண்டும் தனித்தனி வேலை. 10 அடி விழுவதற்கு முக்கால் விநாடிக்குச் சற்று அதிகம் ஆகும். அதற்குள் தேங்காய் சுமார் 50 அடி முன்னே பறந்திருக்கும். விழுந்த வேகத்தையும் ஓடிய வேகத்தையும் சேர்த்தால், மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் அரை கிலோவுக்கு மேற்பட்ட கட்டி. பாலத்தின் ஓர நடைபாதையில் போகிறவருக்கும், தண்டவாளத்தில் வேலை செய்யும் கேங்மேனுக்கும் அது பீரங்கிக் குண்டு!

பத்தாவது மாடி

இப்போது சாரத்தின் அடியில் நின்று கணக்குப் பார்ப்போம். மாடிக்கு 10 அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் மாடியில் இருந்து நழுவிய ஸ்பானர் தரைக்கு வர முக்கால் விநாடிக்குச் சற்று அதிகம் ஆகும். அப்போது அதன் வேகம் மணிக்கு 28 கி.மீ. ஐந்தாவது மாடி என்றால் ஒன்றே முக்கால் விநாடி; 62 கி.மீ. பத்தாவது மாடி என்றால் இரண்டரை விநாடி. காற்று கொஞ்சம் தின்றது போக 80 கி.மீ.க்கு மேல். இருபதாவது மாடி என்றால் மூன்றரை விநாடி, 100 கி.மீ.க்கு மேல்.

இந்தக் கணக்கில் விநாடிகளைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பத்தாவது மாடியில் இருப்பவருக்குப் பொருள் கைநழுவியது உறைக்கவே அரை விநாடி ஆகும். பிறகு "ஏய், பாத்து!" என்று கத்த வேண்டும். கீழே இருப்பவர் அதைக் கேட்டு, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். மிச்சம் இருப்பது ஒரு விநாடியோ, அதுவும் இல்லையோ. அந்த ஒரு விநாடியில் மனிதன் செய்வது என்ன? அண்ணாந்து பார்ப்பது! கேட்ட குரலுக்கு மேலே பார்ப்பது இயல்புதான். ஆனால் உச்சந்தலையில் ஹெல்மெட் இருக்க, வெறும் முகத்தைப் போல்ட்டுக்குக் காட்டியதாக ஆகிறது. அனுபவப்பட்ட மேஸ்திரிகள் புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம்: மேலே இருந்து சத்தம் வந்தால் தலையைக் குனி, அண்ணாந்து பார்க்காதே.

ஹெல்மெட் என்ன செய்கிறது?

பலர் ஹெல்மெட்டை வெறும் கெட்டியான தொப்பி என்று நினைக்கிறார்கள். ஓடு பாதி வேலைதான் செய்கிறது. மீதி வேலை உள்ளே இருக்கும் பட்டைகளுடையது.

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிப்பார். பந்து நிற்க அதிக தூரம் கொடுத்தால் அடி குறையும். கையை விறைப்பாக நீட்டினால் விரல் முறியும்.

அரை கிலோ சுத்தியல் ஐந்தாவது மாடியில் இருந்து, அதாவது 15 மீட்டரில் இருந்து விழுகிறது. தலையில் பட்டு 1 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், 15 மீட்டரில் சேர்த்த பலத்தை 1 செ.மீ.க்குள் இறக்க வேண்டும். 1,500-ல் ஒரு பங்கு தூரம். ஆகவே சுத்தியலின் எடையைப் போல 1,500 மடங்கு பாரம் ஒரு நொடிப்பொழுது தலையில் இறங்கும். 750 கிலோ! ஹெல்மெட்டின் பட்டைகள் விரிந்து கொடுத்து 3 செ.மீ. தூரம் கிடைத்தால் அது 250 கிலோவாகக் குறையும்; அதையும் ஓடு ஒரே இடத்தில் இறங்கவிடாமல் தலை முழுதும் பரப்பும். தோராயக் கணக்குதான். ஆனால் அந்த 2 செ.மீ. வித்தியாசம் ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

பீடிக் கட்டு, கைக்குட்டை, சம்பளப் பணம் எல்லாவற்றையும் ஹெல்மெட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் சொருகி வைத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த இடைவெளிதான் ஹெல்மெட். அதை அடைத்துவிட்டால் ஓடு நேராகத் தலைமேல் உட்கார்ந்துவிடும். பட்டை அறுந்த ஹெல்மெட்டும் அப்படியே. அறுந்து போனதை எல்லாம் சேர்த்து வைத்து, புதிதாக வந்த சித்தாள் பெண்களிடம் கொடுக்கிற கான்ட்ராக்டர்கள் ஹெல்மெட் கொடுத்ததாகவே கணக்கு எழுதிக்கொள்ளக் கூடாது.

ஹெல்மெட்டுக்கும் எல்லை உண்டு. அது சின்னப் பொருள்களுக்கானது. 3 கிலோ செங்கல் பத்தாவது மாடியில் இருந்து வந்தால் எந்த ஹெல்மெட்டும் காப்பாற்றாது. அதனால்தான் வலையும் தடுப்புப் பந்தலும் வேண்டும் என்கிறார்கள்.

சட்டம் சொன்னது

கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று 1996-ல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டு வந்தது. 1998-ல் வெளியான மத்திய விதிகளில் இதற்கு ஒரு பிரிவு இருந்தது. கட்டி முடித்தால் 15 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரம் வரக்கூடிய கட்டிடம் என்றால், அதைச் சுற்றிலும் தலைக்கு மேல் தடுப்புப் பந்தல் போட வேண்டும். அகலம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. தரையில் இருந்து 5 மீட்டருக்கு மேல் உயரத்தில் அமைக்கக் கூடாது. விழுந்த பொருள் வெளியே தெறிக்காமல் உள்பக்கமாக உருளும்படி வெளி ஓரம் சற்று உயர்ந்திருக்க வேண்டும்.

2025 நவம்பரில் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. சட்டத்தின் பெயர் மாறினாலும் 15 மீட்டரில் இருந்து விழும் ஸ்பானர் ஒன்றே முக்கால் விநாடியில்தான் வரும். தடுப்புப் பந்தல் இல்லாத இடத்தில் சுவரை ஒட்டிப் படுத்துத் தூங்குவதும், அங்கே சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பதும் வேண்டாம். மத்தியான வெயிலில் கட்டிடத்தின் நிழல் இழுக்கத்தான் செய்யும். ஆனாலும் பத்தடி தள்ளிப் போவது நல்லது.

மேலே வேலை செய்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. சாரப் பலகையின் ஓரத்தில் அரை அடி உயரத்துக்கு ஒரு குறுக்குப் பலகை அடித்துவிட்டால், காலில் தட்டுப்பட்ட கரணையும் ஜல்லியும் கீழே உருளாது. போல்ட்டையும் நட்டையும் பலகை மேல் பரப்பி வைக்காமல் பையில் போட்டுக்கொள்ளலாம். உடைந்த கல்லைக் "கீழே யாரும் இல்லை" என்று எட்டிப் பார்த்துவிட்டு வீசக் கூடாது; மூன்றரை விநாடியில் யாரும் இல்லாத இடத்துக்கு ஒருவர் நடந்து வந்துவிடலாம். கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்க வேண்டும்.

ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் ஒரு முழம் நைலான் கயிறு போதும். ஒரு முனையைக் கருவியில் கட்டி, மறு முனையை இடுப்பு பெல்ட்டில் முடிந்துகொள்ளலாம். 2 கிலோவுக்கு மேற்பட்ட சம்மட்டி போன்ற கனமான கருவி என்றால் மட்டும் கயிற்றை இடுப்பில் கட்டக் கூடாது; அது நழுவினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். அதைச் சாரத்தின் குழாயில் கட்ட வேண்டும்.